ஹிஸ்டியோசைட் புற்றுநோயை உறுதி செய்வது எப்படி: குமரி எல்லைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை பக்கம் இருக்கிற நமக்கு இரண்டு திசையிலும் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. இந்தப் பக்கம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், அதே வளாகத்தில் புற்றுநோய்க்கு ஆர்சிசி, குழந்தைகளுக்கு எஸ்ஏடி, மூளைக்கும் இதயத்துக்கும் ஸ்ரீசித்ரா. இது பெரிய வசதிதான். ஆனால் இதனாலேயே ஒரு சிக்கலும் வருகிறது. பிள்ளைக்குக் காதில் சீழ் என்றால் மார்த்தாண்டத்தில் காது டாக்டர், மண்டையில் வீக்கம் என்றால் நாகர்கோவிலில் எலும்பு டாக்டர், ராத்திரி முழுக்கத் தண்ணீர் குடித்து ஒன்றுக்குப் போகிறான் என்றால் திருவனந்தபுரத்தில் இன்னொருவர். மூன்று பேரும் நல்ல டாக்டர்கள்தான். மூன்று பேரிடமும் மூன்று ஃபைல் இருக்கிறது, மூன்றையும் சேர்த்துப் பார்த்தவர் மட்டும் யாரும் இல்லை.

இந்த மாதிரிப் பிரிந்து கிடக்கும்போது கண்ணில் படாமலே போகிற நோய்களில் முக்கியமானவை ஹிஸ்டியோசைட் வகைப் புற்றுநோய்கள். நான் வேலை பார்ப்பது திசுப் பரிசோதனை லேபில், டெக்னீஷியனாக. நோயைப் பெயர் சொல்லி முடிவு செய்வது நோயியல் டாக்டர், நான் இல்லை. ஆனால் திசு எங்கே வீணாகிறது, எந்தத் தாள் எங்கே தொலைகிறது என்பது எனக்குத் தினமும் தெரிகிற விஷயம். அதனால்தான் இதைக் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், இது என்ன நோய்

நோய் எதிர்ப்பு அணுக்கள் எல்லாமே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஒரு கூட்டம் தோல், நிணநீர்க் கட்டி, எலும்பு, நுரையீரல், கல்லீரல் என்று திசுக்களுக்குள்ளேயே தங்கி வேலை பார்க்கிறது. கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ், கிருமியின் அடையாளத்தை மற்ற அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் அணு, இரண்டையும் சேர்த்து ஹிஸ்டியோசைட் என்பார்கள். இவை கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் வருவதுதான் இந்த நோய்க் குடும்பம்.

அதிகம் பார்க்கிறது லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ், சுருக்கமாக எல்சிஹெச். பால் லாங்கர்ஹான்ஸ் 1868-இல் மாணவராக இருந்தபோது தோலில் பார்த்து எழுதிய அணுவின் பெயர் இதற்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும், அப்படியும் பத்து லட்சம் குழந்தைகளில் வருடத்துக்கு நாலைந்து பேர் என்ற அளவுதான். பெரியவர்களுக்கு இன்னும் அரிது. அடுத்தது எர்டைம்-செஸ்டர் நோய், 1930-இல் விவரிக்கப்பட்டது, பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, ஆண்களுக்குக் கூடுதலாக. ரோசாய்-டார்ஃப்மேன் நோய் 1969-இல் பெயர் பெற்றது, கழுத்தில் வலி இல்லாத பெரிய நெறிக்கட்டிகளாக வரும். இவற்றோடு ஹிஸ்டியோசைட்டிக் சர்கோமா என்று மிக அரிதான, கடுமையான வகையும் உண்டு.

எல்சிஹெச் புற்றுநோயா, வெறும் அழற்சியா என்று டாக்டர்களே பல காலம் விவாதித்தார்கள். 2010-இல் பாதிக்கு மேற்பட்ட எல்சிஹெச் மாதிரிகளில் பிராஃப் வி600ஈ என்ற மரபணு மாற்றம் இருப்பது தெரிந்த பிறகு புற்றுநோய் வகை என்ற பக்கம் தராசு சாய்ந்தது. அதற்காகப் பெயரைக் கேட்டவுடன் உடைந்து போகாதீர்கள். ஒரே ஒரு எலும்பில் மட்டும் இருக்கிற குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே குணமாகிறார்கள்.

முதல் படி: சந்தேகப்பட வேண்டிய சேர்க்கை

தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரண வியாதி மாதிரி இருக்கும். சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்குத் தலையில் பொருக்கு, எண்ணெய் தேய்த்தும் க்ரீம் போட்டும் மாதக்கணக்கில் போகவில்லை. அரையிடுக்கிலும் காதுக்குப் பின்னாலும் செம்பழுப்பாகச் சின்னச்சின்னப் புள்ளிகள். காதில் சீழ், சொட்டு மருந்துக்கு மசியவில்லை, உள்ளே சதை வளர்ந்திருக்கிறது என்கிறார்கள். மண்டையில் மெத்தென்ற வீக்கம், தொட்டால் வலி. பல் காரணமில்லாமல் ஆடுகிறது. ஒரு கண் வெளியே தள்ளி நிற்கிறது. தாகம் தீரவே இல்லை, மூத்திரம் தண்ணீர் மாதிரி போகிறது, சர்க்கரை பார்த்தால் நார்மல். இதில் இரண்டு ஒரே உடம்பில் இருந்தால் "இது எல்சிஹெச்சாக இருக்குமா?" என்று நேராகக் கேளுங்கள். டாக்டர் தப்பாக நினைக்க மாட்டார்.

பெரியவர்களுக்கு வேறு மாதிரி. இரண்டு முழங்காலைச் சுற்றியும் ஒரே மாதிரி எலும்பு வலி, அதோடு அதே அடங்காத தாகம், கண் இமையில் மஞ்சள் திட்டு, நடை தள்ளாடுவது, ஸ்கேனில் கிட்னியைச் சுற்றி ஏதோ தடிமனாகத் தெரிகிறது என்று எழுதியிருப்பது: இதெல்லாம் சேர்ந்தால் எர்டைம்-செஸ்டரை நினைக்க வேண்டும். பீடி, சிகரெட் குடிக்கிறவருக்கு வறட்டு இருமல், நுரையீரல் சிடியில் மேல்பகுதியில் நீர்க்கட்டிகளும் முடிச்சுகளும் என்றால் நுரையீரல் எல்சிஹெச். புகையை நிறுத்தினாலே சிலருக்கு அது அடங்கும், ஆகவே ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

தாகம் விஷயத்தை வீட்டிலேயே கொஞ்சம் அளக்கலாம். ஒரு லிட்டர் அளவுக் குவளையை வைத்து இருபத்து நாலு மணி நேர மூத்திரத்தை அளந்து எழுதுங்கள். பெரியவருக்கு மூன்று லிட்டருக்கு மேல் போனால் அது டாக்டரிடம் எண்ணோடு சொல்ல வேண்டிய தகவல். ஆனால் தண்ணீரைக் குறைத்து வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. அந்தச் சோதனை ஆஸ்பத்திரியில் ரத்த சோடியத்தைப் பார்த்துக்கொண்டு செய்ய வேண்டியது, வீட்டில் செய்தால் உயிருக்கே ஆபத்து.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கைக்குழந்தைக்கு விடாத காய்ச்சல், வெளுத்துப் போவது, வயிறு உப்பி ஈரலும் மண்ணீரலும் பெருத்திருப்பது, தோலில் ரத்தப் புள்ளிகள், இவை வந்தால் அன்றே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: டிபி என்று முடிவு கட்டும் முன்

நம் ஊரில் கழுத்தில் நெறி, முதுகெலும்பு உட்கார்ந்து போவது, நுரையீரலில் முடிச்சு என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது டிபி. அது நியாயமும்கூட, டிபிதான் இங்கே அதிகம். ஆனால் கிருமி எதுவும் கண்டுபிடிக்காமல், திசுவும் எடுக்காமல், "எதற்கும் ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம்" என்று ஆரம்பிப்பதுதான் இந்த நோயாளிகளை ரொம்பத் தாமதப்படுத்துகிறது. டிபி உறுதியானால் மருந்தை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுங்கள், அதில் பேச்சே இல்லை. உறுதியாகவில்லை என்றால் உறுதி செய்யச் சொல்லுங்கள். திசுவிலிருந்து சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும்) பரிசோதனை செய்யலாம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

எக்ஸ்ரேயில் ஒரு குறிப்பு கிடைக்கும். குழந்தையின் முதுகெலும்பில் ஒரே ஒரு கட்டை தட்டையாக நசுங்கி, மேலும் கீழும் இருக்கிற டிஸ்க் அப்படியே இருந்தால் எல்சிஹெச் பக்கம் சந்தேகம் போக வேண்டும். டிபி பொதுவாக டிஸ்க்கையும் சேர்த்து அரித்துவிடும். இது முடிவு இல்லை, பயாப்ஸி (திசுவை எடுத்துச் சோதிப்பது) கேட்பதற்கு நல்ல காரணம்.

அதே மாதிரி பயாப்ஸிக்கு முன்னால் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வீக்கம் வடிந்துவிடும், அப்புறம் எடுக்கிற திசுவில் எதையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போகலாம். உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில் முதலில் திசு, பிறகு ஸ்டீராய்டு என்று வரிசை இருக்கட்டும்.

மூன்றாம் படி: பயாப்ஸி, இதில்தான் எல்லாமே இருக்கிறது

ஊசி போட்டு உறிஞ்சி எடுக்கிற எஃப்என்ஏசி பரிசோதனை திசை காட்டும். மலிவு, ஒரே நாளில் ரிசல்ட். ஆனால் இந்த நோய்களுக்கு அதோடு நிற்கக் கூடாது. அணு மட்டும் போதாது, அவை எப்படி அடுக்கி நிற்கின்றன என்று பார்க்கத் துண்டுத் திசு வேண்டும், அப்புறம் அதே துண்டில்தான் நிறமேற்றும் சோதனையும் மரபணுச் சோதனையும் நடக்கப் போகிறது. அதனால் கோர் பயாப்ஸி (தடித்த ஊசியால் துண்டாக எடுப்பது), அல்லது நெறிக்கட்டி என்றால் முழுதாக எடுத்துவிடுவது.

எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். எர்டைம்-செஸ்டரில் தடித்துப் போன திசுவில் நார் நிறைய இருக்கும், நோய் அணு கொஞ்சமாகக் கிடைக்கும். ஆகவே ஒரு இடத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோயே இல்லை என்று அர்த்தம் இல்லை, இன்னொரு இடத்தில் எடுக்க வேண்டி வரலாம்.

இப்போது லேப் பக்கத்திலிருந்து சொல்கிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள். எடுத்த திசு உடனே பத்து சதவீத நியூட்ரல் பஃபர்ட் பார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) விழ வேண்டும், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவம் இருக்க வேண்டும். எங்களிடம் சில டப்பாக்கள் வரும், ஒரு விரல் கடை அளவு பார்மலினில் திசு பாதி மூழ்கி, மேல்பாதி காய்ந்து தோல் மாதிரி சுருங்கி. அந்தக் காய்ந்த பாதியை எவ்வளவு கஷ்டப்பட்டு வெட்டினாலும் ஸ்லைடில் அணுக்கள் நசுங்கித்தான் தெரியும். டப்பாவை நீங்களே லேபுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்றால் மூடியைத் திறக்காமல், வெளியிலிருந்து பாருங்கள்: திசு முழுக்க மூழ்கியிருக்கிறதா, பெயரும் எடுத்த இடமும் எழுதியிருக்கிறதா.

டிபி, நிணநீர்ப் புற்றுநோய் இரண்டும் சந்தேகத்தில் இருந்தால் ஒரு துண்டை பார்மலின் போடாமல் நார்மல் சலைனில் (உப்புநீர்) தனியாக அனுப்ப வேண்டும். பார்மலினில் விழுந்த துண்டில் கிருமியை வளர்க்க முடியாது, அணுக்களை வகை பிரித்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரியும் செய்ய முடியாது. பயாப்ஸிக்கு முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள், "ஒரு துண்டு சலைனிலும் எடுப்பீங்களா?" அவ்வளவுதான். தியேட்டருக்குள் போன பிறகு கேட்டால் யாருக்கும் காதில் விழாது.

எலும்பு என்றால் இன்னொரு சங்கதி. எலும்பில் சுண்ணாம்பு இருப்பதால் மெழுகில் பதித்து வெட்ட முடியாது, முதலில் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். ஆசிட்டில் போட்டால் சீக்கிரம் கரையும், கூடவே திசுவில் இருக்கிற டிஎன்ஏவும் சிதைந்துவிடும். பிறகு பிராஃப் சோதனைக்கு அனுப்பினால் "மாதிரி போதவில்லை" என்று திரும்பி வரும், பிள்ளையை மறுபடி மயக்கி மறுபடி துளைக்க வேண்டியதாகும். ஈடிடிஏ என்ற கரைசலில் போட்டால் நாள் கூடுதலாகும், டிஎன்ஏ தப்பிக்கும். இன்னும் எளிது, எலும்புக்குள்ளிருந்து எடுத்ததில் மெத்தென்ற பகுதியை மட்டும் பிரித்து, ஆசிட் படாமல் தனி பிளாக் (மெழுகில் பதித்த திசுக்கட்டி) போடுவது. இதை ரெக்வெஸ்ட் ஃபாரத்தில் டாக்டர் ஒரு வரி எழுதினால் போதும்: "மரபணுச் சோதனை தேவைப்படலாம், ஆசிட் வேண்டாம்". எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. எனக்குத் தெரிந்து இந்த ஒரு வரி மிச்சப்படுத்துகிற வேதனைக்கு ஈடாக இந்த வழிகாட்டியில் வேறு எதுவும் இல்லை.

நான்காம் படி: ரிப்போர்ட்டைப் படிப்பது

ரிப்போர்ட்டில் ஐஎச்சி என்று ஒரு பகுதி இருக்கும். அணுவின் மேல் இருக்கிற அடையாளப் புரதங்களுக்கு நிறமேற்றிப் பார்ப்பது. எல்சிஹெச் என்றால் சிடி1ஏ, லாங்கரின் (சிடி207 என்றும் எழுதுவார்கள்), எஸ்100 மூன்றும் பாசிட்டிவாக இருக்க வேண்டும். எர்டைம்-செஸ்டரில் சிடி68, சிடி163 பாசிட்டிவ், சிடி1ஏ-யும் லாங்கரினும் நெகட்டிவ். ரோசாய்-டார்ஃப்மேனில் எஸ்100, சிடி68 பாசிட்டிவ், சிடி1ஏ நெகட்டிவ், பெரிய அணுவுக்குள் முழு நிணநீர் அணுக்கள் சேதமில்லாமல் புகுந்து உட்கார்ந்திருப்பது தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெறும் சிடி68 பாசிட்டிவ் என்று மட்டும் போட்டு ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்று எழுதியிருந்தால் அதை முடிவாக எடுக்காதீர்கள், டிபி கட்டியில் இருக்கிற சாதாரண மேக்ரோஃபேஜும் சிடி68 பாசிட்டிவ்தான். எஸ்100 தனியாகவும் அப்படித்தான், மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் வரும். தோல் அரிப்பு உள்ளவரின் நெறிக்கட்டியில் சாதாரணமாகவே சிடி1ஏ அணுக்கள் தங்கியிருக்கும். ஆக நிறம் ஏறியதா என்பதோடு, உட்கரு நடுவில் மடிந்து பள்ளம் விழுந்திருக்கிறதா, சுற்றிலும் ஈசினோஃபில் (ஒரு வகை வெள்ளை அணு) இருக்கிறதா, ஸ்கேன் என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெயர் வைக்க முடியும். ஹிஸ்டியோசைட்டிக் சர்கோமா என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம். நிணநீர்ப் புற்றுநோய், மெலனோமா, கார்சினோமா எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் அந்தப் பெயர் வரவேண்டும், விலக்கியதற்கான சோதனைகள் ரிப்போர்ட்டிலேயே இருக்கும்.

ஐந்தாம் படி: பிளாக்கை வாங்கி இரண்டாவது கருத்து கேட்பது

இவ்வளவு அரிதான நோயில் ஒரே ஒரு லேபின் வார்த்தையை வைத்துக் கீமோ ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இந்த மாதிரி நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கிற இடம் ஒன்றில், ஆர்சிசியோ, வேலூர் சிஎம்சியோ, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமோ, மும்பை டாடா மெமோரியலோ, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்கு வேண்டியது ரிப்போர்ட் தாள் இல்லை, பிளாக். மெழுகில் பதித்த திசு, ஒரு சின்ன பிளாஸ்டிக் கேசட்டின் முதுகில் ஒட்டியிருக்கும், ஓரத்தில் எண் எழுதியிருக்கும். கவுண்டரில் ஸ்லைடு மட்டும் எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அக்கரையில், கேரளப் பக்கம் என்றால், "சேச்சி, பிளாக்கும் வேணும்" என்று கேட்டு நில்லுங்கள். ஒரு கடிதமும் கையெழுத்தும் கேட்பார்கள், சில இடத்தில் சின்னக் கட்டணம், கொடுத்துவிடலாம். கேசட் எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று ஒத்துப் பாருங்கள். காருக்குள் டேஷ்போர்டில் வெயில் படும்படி வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும். வேலை முடிந்ததும் பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், சில வருடம் கழித்துக்கூட அது தேவைப்படும்.

ஆறாம் படி: மரபணுச் சோதனை

பிராஃப் வி600ஈ எல்சிஹெச்சிலும் எர்டைம்-செஸ்டரிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கிறது. இல்லாதவர்களில் பலருக்கு மேப்2கே1 என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். தெரிந்துகொள்வதில் பலன் உண்டு: பிராஃபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2017-இல் எர்டைம்-செஸ்டருக்காக அனுமதி கிடைத்தது, கோபிமெடினிப்புக்கு 2022-இல் ஹிஸ்டியோசைட் நோய்களுக்காக. நோய் கடுமையாக இருக்கிறவருக்கு இது வாழ்வா சாவா விஷயம்.

துண்டுத் திசுவில் நோய் அணுக்கள் கொஞ்சமாகவும் மற்ற அணுக்கள் நிறையவும் கலந்து இருப்பதால் நுட்பம் குறைந்த சோதனையில் நெகட்டிவ் என்று வந்துவிடும். நிறமேற்றிப் பார்க்கிற பிராஃப் சோதனை நெகட்டிவ் என்றால் மரபணுவையே நேராகப் பார்க்கும் பிசிஆர் அல்லது என்ஜிஎஸ் முறையில் மறுபடி பார்க்கலாமா என்று கேளுங்கள். என்ஜிஎஸ் செலவு கூடுதல். ஒரு எலும்பில் மட்டும் இருக்கிற குழந்தைக்கு அவசரமாகக் கடன் வாங்கிச் செய்ய வேண்டியதில்லை, டாக்டரிடம் பேசி முடிவு செய்யலாம்.

ஏழாம் படி: உடம்பில் எங்கெங்கே இருக்கிறது

பெயர் உறுதியானதும் பரவலைப் பார்ப்பார்கள். முழு ரத்த எண்ணிக்கை, ஈரல் சோதனை, அல்புமின், வயிற்று அல்ட்ராசவுண்ட், மார்பு எக்ஸ்ரே, எலும்பு முழுவதுக்கும் எக்ஸ்ரே. குழந்தைகளில் ஈரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை மூன்றில் எதுவாவது பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையின் தீவிரம் மாறும். தாகம் இருந்தால் பிட்யூட்டரியோடு (மூளையின் அடியில் இருக்கும் சுரப்பி, இந்த நோய் அங்கே போனால் தாகம் வரும்) சேர்த்து மூளை எம்ஆர்ஐ.

பெட்-சிடி (நோய் இருக்கும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) எழுதினால் ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள், கால் விரல் வரை எடுப்பார்களா என்று. வழக்கமான பெட்-சிடி மண்டையோட்டின் அடியில் தொடங்கித் தொடையின் நடுவில் நின்றுவிடும். எர்டைம்-செஸ்டர் பெரும்பாலும் பிடிக்கிற இடமோ முழங்காலைச் சுற்றி. எல்சிஹெச்சுக்கு மண்டையும் வேண்டும். "உச்சந்தலையிலிருந்து கால் வரை" என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தால் மறுபடி எடுக்கிற பணமும் கதிர்வீச்சும் மிச்சம். பெரியவர்களுக்கு இதயத்துக்கு எக்கோவோ எம்ஆர்ஐயோ தேவைப்படும், எர்டைம்-செஸ்டர் அங்கேயும் போகும்.

பணமும் ஃபைலும்

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கேரளத்தில் எல்லா ஆஸ்பத்திரியிலும் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள். கிளம்புவதற்கு முன் அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுண்டரில் கேளுங்கள், பயாப்ஸிக்கும் ஸ்கேனுக்கும் சேர்த்தா, சிகிச்சைக்கு மட்டுமா என்று தனித்தனியாக. செல்லாது என்றால் சோதனைகளில் முடிந்ததை ஆசாரிப்பள்ளத்தில் முடித்துக்கொண்டு பிளாக்கோடு அக்கரைக்குப் போவது பல குடும்பங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது.

ஃபைல் ஒன்றுதான் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் கையால் ஒரு தாள்: எந்தத் தேதியில் எந்த அறிகுறி, எந்த டாக்டர், என்ன மருந்து, எவ்வளவு நாள். காது, பல், தோல், எலும்பு, தாகம் எல்லாம் அதே தாளில். புது டாக்டர் அறைக்குள் போனதும் ஸ்கேன் கவரை நீட்டுவதற்கு முன் அந்தத் தாளை நீட்டுங்கள். ஸ்கேன் பதிந்த சிடி டிஸ்க்குகளையும் வைத்திருங்கள், பிலிம் மட்டும் இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் அளந்து ஒப்பிட முடியாது.

சிகிச்சை முடிந்த பிறகும் அந்தத் தாளைத் தொடர்ந்து எழுதுங்கள். எல்சிஹெச் வந்த குழந்தைகளில் சிலருக்கு அடங்காத தாகம் வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும், வளர்ச்சி குறைவதும் காது கேட்பது மங்குவதும் அப்படியே. பையன் ராத்திரி எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான் என்று தோன்றினால் அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காமல், அந்த வாரமே மூத்திரத்தை அளந்து எண்ணோடு டாக்டருக்குப் போன் போடுங்கள்.